நோயாளியின் ரசீதும் நாடாளுமன்றத்தின் வரிக் கணக்கும்

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், செங்கத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய தந்தைக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. முன்பு விவசாயம் செய்தவர், அப்போது மகனை நம்பி வாழ்ந்துவந்தார். இரு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். "டாக்டர், வருமான வரிக்கு ஒரு சீட்டு வேண்டும், நோயின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் போதும்" என்றார் மகன். நானும் எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அந்தச் சீட்டுடனேயே திரும்பி வந்தார். அவருடைய அலுவலகம் அதை ஏற்கவில்லை.

தவறு என்னுடையது. நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு வரிக்கழிவு கோர வேண்டுமானால், சிறுநீரக மருத்துவத்தில் டி.எம். பட்டமோ, சிறுநீரக அறுவை மருத்துவத்தில் எம்.சிஎச். பட்டமோ பெற்றவர்தான் சீட்டு எழுத வேண்டும் என்பது வருமான வரி விதி. பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்த என் போன்றோரின் கையெழுத்து, நோயாளி அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, நாங்களும் அங்கே முழுநேரமாகப் பணியாற்றினால் மட்டுமே செல்லும். இதை நான் அறிந்திருக்கவில்லை. ஆசிரியர் ஒரு நாள் விடுப்பெடுத்து வேலூருக்குச் சென்று உரிய சீட்டைப் பெற்று வருவதற்குள் பிப்ரவரிச் சம்பளப் பட்டியல் போய்விட்டது. ஒரு லட்ச ரூபாய்க் கழிவுக்கு 20 விழுக்காட்டு வரியும் அதன்மீது 4 விழுக்காட்டுத் தீர்வையுமாக 20,800 ரூபாய் அந்த மாதச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. பிறகு வரி விவரப் படிவத்தில் கோரித் திரும்பப் பெற்றார் என்பது உண்மைதான். ஆயினும் அந்தப் பணம் அவருக்குத் தேவைப்பட்டது பிப்ரவரியில்.

இந்த இதழில் சர்க்கரை, உப்பு, நடைப்பயிற்சி என்று எழுதிவரும் நான் இம்முறை வரியைப் பற்றி எழுதுவதற்கு அந்த நிகழ்வே காரணம். நாடாளுமன்றத்தில் வரிச்சலுகை பற்றி விவாதம் நடக்கும்போதெல்லாம், அதை வணிகர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் உரிய செய்தியாகக் கருதிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நம் வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் அமர்ந்திருப்போரின் சட்டைப்பையோடு அது நேரடித் தொடர்புடையது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டம் தாக்கலாகிறது. புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. பேச வேண்டியதைப் பேசுவதற்கு இதுவே பொருத்தமான வேளை என்று எண்ணுகிறேன்.

முதலில், நல்ல முறையில் முடிந்த ஒரு விவாதம். 2017இல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த நாள் முதல் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 18 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. குடும்பத்துக்காக 20,000 ரூபாய் பிரீமியம் கட்டுபவர் 3,600 ரூபாயை வரியாகவும் கட்டினார். நோய்க்கு அஞ்சி முன்கூட்டியே சேமிப்பவரிடமிருந்தா இந்த வரி என்ற கேள்வி நெடுநாளாக இருந்தது. 2024 பிப்ரவரியில் நாடாளுமன்ற நிதி நிலைக்குழு இந்த விகிதத்தைச் சீரமைக்கப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரியே வரியை நீக்கக் கோரி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்டில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நாடாளுமன்ற வாயிலில் பதாகை ஏந்தி நின்றனர். நிதி மசோதா மீதான விவாதத்துக்கு மக்களவையில் பதிலளித்த நிதியமைச்சர், ஜி.எஸ்.டி.க்கு முன்பும் மருத்துவக் காப்பீட்டுக்கு வரி இருந்தது என்றும், வசூலாகும் தொகையில் பெரும்பங்கு மாநிலங்களுக்கே செல்கிறது என்றும் கூறினார்.

அவர் கூறியதில் உண்மை உண்டு. நூறு ரூபாய் வசூலானால் ஐம்பது ரூபாய் நேரே மாநிலத்துக்குரியது; எஞ்சியதிலும் 41 விழுக்காடு மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது. 2023–24ஆம் நிதியாண்டில் மட்டும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் வழியே வசூலான வரி ஏறத்தாழ 8,263 கோடி ரூபாய். அவ்வளவு தொகையை விட்டுக்கொடுக்க ஒன்றிய அரசுக்கு மட்டுமன்றி மாநில அரசுகளுக்கும் மனம் வர வேண்டியிருந்தது. அமைச்சர் குழு அமைத்து, ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 3ஆம் நாள் கூடிய 56ஆவது ஜி.எஸ்.டி. மன்றம் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் முழு விலக்கு அளித்தது. செப்டம்பர் 22 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆளுங்கட்சியின் அமைச்சரும் எதிர்க்கட்சிகளும் ஒரே கோரிக்கையை எழுப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஓர் அரிய சான்று.

அதே நாளில் மருந்துகளுக்கான வரியும் குறைந்தது. 12 விழுக்காடாக இருந்த பெரும்பாலான மருந்துகள் 5 விழுக்காட்டுக்கு இறங்கின. உயிர்காக்கும் மருந்துகள் 33 வரியிலிருந்து முற்றிலும் விடுபட்டன. மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோய்க்கான டாராடுமுமாப், ஹீமோஃபிலியாவுக்கான எமிசிசுமாப் ஆகியவை அவற்றுள் அடங்கும். இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவி, அதற்கான பட்டைகள், மருத்துவ ஆக்சிஜன், பார்வைக் கண்ணாடி ஆகியவற்றுக்கும் இப்போது 5 விழுக்காடே. இன்சுலின் முன்பே 5 விழுக்காட்டில் இருந்ததால் அதில் மாற்றமில்லை; "ஊசி மருந்து விலை குறையவில்லையே" என்று நம் மருந்தகத்தில் கேட்பவர்களுக்கு இதுவே விடை.

மாதந்தோறும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குபவருக்கு இதனால் என்ன கிடைக்கிறது? வரியில்லாத விலை 1,000 ரூபாய் என்று கொள்வோம். முன்பு 1,120 கொடுத்தார், இப்போது 1,050. மாதம் 70 ரூபாய், ஆண்டுக்கு 840 ரூபாய் மிச்சம். சிறு தொகைதான். ஆனாலும் இது படிவம் நிரப்பாமலும், ஆடிட்டரைத் தேடாமலும், வேலூருக்குப் பேருந்து ஏறாமலும் கிடைக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருபவருக்கும் ஆரணிப் பட்டு வணிகருக்கும் ஒரே விகிதத்தில் கிடைக்கிறது. பழைய விலை அச்சிட்ட அட்டையாக இருந்தாலும் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். ரசீதைக் கேட்டுப் பெற்று, வரி விகிதத்தைப் பாருங்கள்.

காப்பீட்டில் மட்டும் ஓர் ஐயம் எனக்கு உண்டு. வரி விலக்குப் பெற்ற சேவைக்கு உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற இயலாது. காப்பீட்டு நிறுவனங்கள் தாம் செலுத்தும் வாடகை, கமிஷன், மென்பொருள் ஆகியவற்றுக்கான வரியை இனித் தாமே சுமக்க வேண்டும். அந்தச் சுமை அடுத்த புதுப்பித்தலின்போது அடிப்படைப் பிரீமியத்துக்குள் நுழையாது என்பதற்கு உறுதி ஏதுமில்லை. சென்ற ஆண்டின் ரசீதை வைத்துக்கொண்டு, வரி நீங்கலான தொகையோடு இவ்வாண்டுத் தொகையை ஒப்பிடுவது ஒன்றே நம்மால் இயலும் கண்காணிப்பு. இன்னொன்றும் எஞ்சியிருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு அல்லாத அறைக்கு நாள் வாடகை 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால் 5 விழுக்காடு வரி என்ற 2022 ஜூலை ஏற்பாடு அப்படியே உள்ளது. திருவண்ணாமலையில் அது பெரிதாக யாரையும் தொடுவதில்லை. சென்னைக்கு அனுப்பப்படும் நம் நோயாளிகளைத் தொடும்.

இனி வருமான வரி. என் மனக்குறை அங்கேதான்.

பழைய முறையில் நோய்க்கென நான்கு கதவுகள் இருந்தன. காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 80டி. மாற்றுத்திறனாளியைச் சார்ந்தவராகக் கொண்டோருக்கு 80டிடி. தாமே மாற்றுத்திறனாளியானால் 80யு. இவ்விரண்டிலும் 75,000 ரூபாய், கடும் குறைபாடானால் 1,25,000 ரூபாய். சர்க்கரை நோயால் காலை இழந்து, 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு என்று சான்று பெற்றவர்களும் 80யு பிரிவில் வருவார்கள் என்பதைப் பலரும் அறிவதில்லை. நான்காவது, குறிப்பிட்ட கொடுநோய்களுக்கான 80டிடிபி: 40,000 ரூபாய், மூத்த குடிமக்களுக்கு 1,00,000 ரூபாய்.

2020இல் வந்து, 2023–24 முதல் இயல்பான தேர்வாகிவிட்ட புதிய வரிமுறையில் இந்த நான்கும் இல்லை. விகிதம் குறைவு, கழிவும் குறைவு என்பது அதன் தத்துவம். 2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டம் 12 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ளோருக்கு வரியே இல்லை என்றாக்கியபோது, நான் உள்பட எல்லாரும் மகிழ்ந்தோம். மகிழத்தக்க செய்திதான், அந்த வரம்புக்குள் உள்ளவருக்குப் பழைய கழிவுகள் தேவையே இல்லை. ஆனால் அதற்கு மேலுள்ள இருவரை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் வரிக்குரிய வருமானம் 16 லட்சம். ஒருவர் வீட்டில் அனைவரும் நலம். மற்றவர் வீட்டில் தாய்க்கு வாரம் மூன்று டயாலிசிஸ். ஆண்டுக்கு 156 முறை. புதிய முறையில் இருவரும் கட்ட வேண்டியது 1,20,000 ரூபாய், தீர்வை தனி. வரி செலுத்தும் திறன் இருவருக்கும் ஒன்றே என்று சட்டம் கருதுகிறது. அந்த 156 நாள்களையும் நேரில் பார்க்கும் மருத்துவனால் அவ்வாறு கருத முடியவில்லை.

பழைய முறையைத் தேர்ந்தெடுக்க இப்போதும் வழி உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அங்கே வரி விகிதம் மிகுதி. வீட்டுக் கடன் வட்டி, சேமநிதி என்று வேறு பல கழிவுகள் இல்லாதவருக்கு, நோய்க்கழிவை மட்டும் நம்பி அங்கே செல்வது நட்டம்.

இந்த நீக்கத்தைப் பற்றி நாடாளுமன்றம் எவ்வளவு பேசியது? 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றான புதிய வருமான வரி மசோதா 2025 பிப்ரவரியில் அறிமுகமானது. பைஜயந்த் பாண்டா தலைமையிலான தேர்வுக்குழு அதை ஆராய்ந்து ஜூலையில் அறிக்கை தந்தது. ஆகஸ்ட் 8ஆம் நாள் பழைய மசோதா திரும்பப் பெறப்பட்டது. திருத்திய மசோதா ஆகஸ்ட் 11ஆம் நாள் மக்களவையில் வைக்கப்பட்டு, பீகார் வாக்காளர் பட்டியல் தொடர்பான எதிர்க்கட்சிகளின் முழக்கங்களுக்கிடையே, அன்றே சில நிமிடங்களில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. முழக்கமிட்டவர்களின் கவலை சிறியது என்று நான் சொல்ல வரவில்லை. அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட சட்டம் மாறும்போது, நோயாளியின் செலவைச் சட்டம் எப்படி மதிக்க வேண்டும் என்று எழுந்து கேட்க அவையில் ஒருவருக்கும் வாய்ப்பில்லாமல் போனதைத்தான் சொல்கிறேன். பிரிவுகளின் எண்கள் மாறின, வாக்கியங்கள் எளிமையாயின. நோய்க்கழிவுகளின் உள்ளடக்கம் பழைய முறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது.

அந்த உள்ளடக்கத்திலும் குறைகள் உண்டு. 80டிடிபியின் பட்டியலில் புற்றுநோய், முற்றிய எய்ட்ஸ், சிறுநீரகச் செயலிழப்பு, ஹீமோஃபிலியா, தலசீமியா, பார்க்கின்சன் முதலான சில நரம்பு நோய்கள் உள்ளன. இதயக் குழாய் அடைப்பு இல்லை. பக்கவாதம் என்ற பெயர் இல்லை. சர்க்கரை நோய் இல்லை. என் வார்டில் ஓர் ஆண்டில் குடும்பங்களைக் கடனில் தள்ளும் நோய்களை எண்ணினால், முதலில் வருபவை இவையே. 40,000 ரூபாய் வரம்பை 156 டயாலிசிஸ்களுக்கு வகுத்தால் ஒரு முறைக்கு 256 ரூபாய் வருகிறது. அதுவும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும் தொகை. கைக்கு வரும் தொகை அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால் ஏறத்தாழ 51 ரூபாய். போளூரிலிருந்து வந்து செல்ல நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரி கட்டுபவர்களைப் பற்றியே இதுவரை பேசினேன். நம் நோயாளிகளில் பெரும்பாலோர் வருமான வரி கட்டும் நிலையில் இல்லை. அவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்றால், அதற்கான ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், மாதம் 10,000. கிரிவலப் பாதையில் ஆட்டோ ஓட்டுபவர், தேரடித் தெருவில் பூக்கடை வைத்திருப்பவர், விடுதியில் கணக்கு எழுதுபவர் ஆகியோர் மாதம் 15,000 ரூபாய் ஈட்டினால் அவ்வரம்பைத் தாண்டிவிடுவார்கள். தொழிலாளர் அரசு காப்பீடு, பதிவு பெற்ற நிறுவனத்தின் ஊழியருக்கே உண்டு; ஆட்டோக்காரருக்கு அது இல்லை. வரிக்கழிவோ வரி கட்டுபவருக்கு மட்டும். ஆண்டுக்கு ஒன்றே கால் லட்சத்துக்கும் பன்னிரண்டு லட்சத்துக்கும் இடையில் வருவாய் உள்ள ஒருவர் நோயுற்றால், அவருடைய செலவைக் கணக்கில் கொள்ளும் ஏற்பாடு வரிச் சட்டத்தில் ஏதுமில்லை. அவருக்குக் கிடைப்பது மாத்திரையின் மீதான அந்த 7 விழுக்காட்டுக் குறைவு மட்டுமே. 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. முதல்வர் மருந்தகங்களில் விலை குறைவு. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் திடீரென்று வரும் மாரடைப்புக்கு அவை விடையாகா.

2013–14இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64 விழுக்காடு மக்கள் தம் கையிலிருந்து கொடுத்ததாக இருந்தது. 2021–22இல் அது 39 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்று தேசிய சுகாதாரக் கணக்கு கூறுகிறது. முன்னேற்றம்தான். அந்த 39இல் பெரும்பங்கு, மேற்சொன்ன இடைப்பட்டவர்களின் கையிலிருந்து வருவதாகவே என் மருத்துவ அனுபவம் சொல்கிறது.

பிற நாடுகள் இதை வேறு விதமாகச் செய்கின்றன. அயர்லாந்தில் மருத்துவச் செலவின் 20 விழுக்காட்டைக் கட்டிய வரியிலிருந்து திரும்பத் தருகிறார்கள். உயர் விகிதத்தில் வரி கட்டுபவருக்கும் குறைந்த விகிதத்தில் கட்டுபவருக்கும் அதே 20 விழுக்காடுதான். நம் கழிவு முறையில், 30 விழுக்காடு வரி கட்டுபவருக்கு ஒரு லட்சத்துக்கு 30,000 ரூபாய் மிச்சம். 5 விழுக்காடு கட்டுபவருக்கு 5,000. நோய் ஒன்றே, செலவும் ஒன்றே, சலுகை மட்டும் பணக்காரருக்கு ஆறு மடங்கு. கனடா இன்னும் ஒரு படி மேலே சென்று, குறைந்த வருவாயில் உழைப்பவருக்கு மருத்துவச் செலவு மிகுந்தால், வரியே கட்டாவிட்டாலும் ஒரு தொகையை அளிக்கிறது. நம் உறவினர் பலர் வாழும் மலேசியாவில் கொடுநோய்ச் சிகிச்சைக்கான வரிவிலக்கு 10,000 ரிங்கிட். அங்கே குறைந்த விகிதம் வேண்டுமா, நோய்க்கழிவு வேண்டுமா என்று யாரையும் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். கழிவுகள் பெருகினால் போலி ரசீதுகள் பெருகும், எளிமை கெடும். ஒரு மருத்துவர் இதை மறுக்கக் கூடாது. செய்யாத செலவுக்கு "ஒரு பில் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டவர்களை நானும் சந்தித்திருக்கிறேன். ஆனால் புற்றுநோய்க்கோ டயாலிசிஸுக்கோ போலிச் சான்று தயாரிப்பது காப்பீட்டு ரசீது தயாரிப்பதைவிட எளிதன்று. மருத்துவமனைப் பதிவேடு இருக்கிறது, மருத்துவரின் பதிவு எண் இருக்கிறது, மின்வழிப் பணப்பரிமாற்றத்தின் தடயம் இருக்கிறது. நிலைக்கழிவையும் குடும்ப ஓய்வூதியக் கழிவையும் புதிய முறையில் வைத்திருக்க முடிந்தவர்களால், கொடுநோய்க்கும் மாற்றுத்திறனுக்கும் மட்டும் இடமளிக்க முடியாதா?

நான் கேட்பவை பெரியவை அல்ல. 80டிடிபி, 80டிடி, 80யு ஆகியவற்றுக்கு இணையானவற்றைப் புதிய வரிமுறைக்குள் கொண்டுவர வேண்டும். கழிவாக அன்றி, எல்லாருக்கும் ஒரே மதிப்புள்ள வரி வரவாக. மாரடைப்பும் பக்கவாதமும் பட்டியலில் சேர வேண்டும். சிறுநீரக மருத்துவர் இல்லாத ஊர்களில், டயாலிசிஸ் நடத்தும் மருத்துவமனையின் பொது மருத்துவ நிபுணர் எழுதும் சீட்டும் செல்ல வேண்டும். மாநில அரசைப் பொறுத்தவரை, அந்த 1,20,000 வரம்பை உயர்த்த வேண்டும். விலைவாசி ஏறிய அளவுக்கேனும். இவற்றை எழுதி நம் தொகுதி நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்களும் உங்கள் குடும்பத்தின் கணக்கை ஒரு தாளில் எழுதி அனுப்பலாம். எண்கள் உள்ள கடிதத்தைப் படிப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

அதுவரை, பழைய முறையில் தொடர்பவர்கள் இந்த நிதியாண்டு முடியும் மார்ச் 31க்குள் செய்ய வேண்டியவை சில உண்டு. அறுபது வயதைக் கடந்த பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடே இல்லையெனில், அவர்களுக்காக நீங்கள் செலுத்தும் மருத்துவச் செலவில், மாதாந்திர மாத்திரைகள் உள்பட, 50,000 ரூபாய் வரை 80டி பிரிவில் கோரலாம். பெற்றோர் உங்களைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இதற்கில்லை. ஆனால் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. ஆகவே மருந்தகத்தில் அட்டை வழியாகவோ கைப்பேசி வழியாகவோ செலுத்துங்கள். ரசீதில் நோயாளியின் பெயரை எழுதச் சொல்லுங்கள். முன்தடுப்புப் பரிசோதனைக்கான 5,000 ரூபாயை மட்டும் ரொக்கமாகவும் தரலாம். 80டிடிபிக்குச் சீட்டு வேண்டுவோர், அதில் நோயாளியின் பெயர், வயது, நோய், மருத்துவரின் பெயர், முகவரி, பதிவு எண், பட்டம் ஆகிய அனைத்தும் உள்ளனவா என்று சரிபாருங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவரானால் என்னிடம் சீட்டுக் கேட்க வேண்டாம். வேலூருக்கோ புதுச்சேரிக்கோ அடுத்த முறை பரிசோதனைக்குச் செல்லும்போது, அங்குள்ள சிறுநீரக மருத்துவரிடமே கேட்டு வாங்கி வாருங்கள். சம்பளத்தில் வரி பிடிக்கப்படுபவர்கள் ஜனவரி முடிவதற்குள் அதைச் செய்துவிடுவது நல்லது.